கண்ணாடிப் பாரம் வைத்தும் ஜாடியில் பூஞ்சணம் பூத்தது ஏன்?

நீலாம்பரி (கோயம்புத்தூர்):

அனைவருக்கும் வணக்கம். கடந்த ஆறு மாதங்களாகக் கேரட், முள்ளங்கி, முட்டைக்கோஸ் ஆகியவற்றை வினிகர் சேர்க்காமல் உப்புநீரில் மட்டும் ஊறவிட்டு, தானாகப் புளிக்க வைத்துச் சாப்பிட்டு வருகிறோம். ஒரு லிட்டர் கொள்ளும் வாயகன்ற கண்ணாடி ஜாடிதான் பயன்படுத்துகிறேன். காயையும் தண்ணீரையும் சேர்த்து நிறுத்து, மொத்த எடையில் 2.5 விழுக்காடு கல் உப்பு போடுகிறேன். முதல் இரண்டு முறை மார்கழியிலும் தையிலும் போட்டேன், நன்றாக வந்தது. சித்திரையில் போட்ட மூன்றாவது ஜாடியில், மிதந்து மேலே வந்த முட்டைக்கோஸ் துண்டுகளின் மேல் பூஞ்சணம் பிடித்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் காயை அமிழ்த்தி வைப்பதற்கென்றே விற்கும் கண்ணாடிப் பாரங்கள் இரண்டை இணையத்தில் வாங்கினேன். வட்டமான, கனமான, நடுவில் குமிழ் வைத்த கண்ணாடி வட்டு. ஒவ்வொன்றும் 150 கிராம் இருக்கிறது. ஜாடியின் வாய்க்குள் எளிதாக நுழைகிறது. ஆனாலும் சென்ற வாரம் போட்ட ஜாடியில், மூன்றாம் நாள் காலையில் பார்த்தபோது வட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. வட்டுக்கும் ஜாடிச் சுவருக்கும் நடுவே ஒரு கேரட் துண்டு செருகிக்கொண்டு, அதன் நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. ஐந்தாம் நாள் அந்த நுனியில் கடுகளவு சாம்பல் பச்சை நிறத்தில் பூத்திருந்தது. மீதி முழுவதும் பார்க்க நன்றாகவே இருந்தது. மனம் வராமல்தான் கொட்டினேன்.

பாரம் போதவில்லையா, இரண்டு வட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க வேண்டுமா என்று தெரியவில்லை. என் மாமியார், மாவடு போட்ட காலத்தில் இப்படி எந்தப் பாரமும் வைத்ததில்லை, ஒன்றும் கெட்டதில்லை என்கிறார். அவர் சொல்வதும் உண்மைதான். அவர் போட்ட வடு இரண்டு வருடம் இருந்ததை நானே சாப்பிட்டிருக்கிறேன். அப்படியானால் நான் செய்வதில் எங்கே பிழை? பூத்த துண்டை மட்டும் எடுத்துவிட்டு மீதியைச் சாப்பிட்டிருக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

உப்பளத்தார் (சென்னை):

சகோதரிக்கு வணக்கம். கொட்டியது சரியான முடிவு. அதற்காக வருத்தப்பட வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் பாரத்தைப் பார்ப்போம்.

உங்கள் வட்டின் எடை போதும். கண்ணாடி தண்ணீரைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு அடர்த்தி கொண்டது. ஆகவே 150 கிராம் வட்டு ஏறத்தாழ 60 மில்லிலிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த அளவு உப்புநீர் அதைக் கீழிருந்து தாங்குவதால், மூழ்கிய நிலையில் அது காயின் மேல் கொடுக்கும் அழுத்தம் 90 கிராம் எடைக்குச் சமம். குறைவாகத் தோன்றலாம். ஆனால் காய் உப்புநீரில் மிதப்பது தன் இயல்பால் அவ்வளவாக இல்லை. நொதிக்கும்போது உண்டாகும் கரியமில வாயு துண்டுகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டு தூக்குவதால்தான் பெரும்பாலும் மேலே வருகிறது. அந்த 90 கிராமைத் தூக்க வேண்டுமானால் 90 மில்லிலிட்டர் அளவுக்கு வாயு உள்ளே சிக்கியிருக்க வேண்டும். கேரட்டில் அவ்வளவு சிக்காது. இறுக்கி அடைத்த முட்டைக்கோஸில் நிச்சயம் சிக்கும். அதற்கு இன்னொரு வட்டு தீர்வாகாது. முதல் நான்கு நாட்கள் காலையிலும் மாலையிலும் சுத்தமான கரண்டிக் காம்பால் மெதுவாக அழுத்தி அந்தக் குமிழிகளை வெளியேற்றிவிட்டால் வட்டு தன் இடத்திலேயே இருக்கும்.

உங்கள் ஜாடியில் பிழை நடந்த இடம் வேறு. ஜாடியின் வாயைவிட அதன் வயிறு அகலம். வாய்க்குள் நுழையும் அளவில் செய்த வட்டு, கழுத்தைத் தாண்டி உள்ளே இறங்கியதும் சுற்றிலும் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி விட்டுவிடும். அந்த இடைவெளி வழியாகத்தான் உங்கள் கேரட் மேலே வந்தது. வந்தது மட்டுமல்லாமல், ஆப்பு அடித்ததுபோல நின்று வட்டையும் சாய்த்துவிட்டது. நீங்கள் வைத்திருப்பது இன்னும் கனமான வட்டாக இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். ஜாடியின் தோள் வளைந்து கழுத்தாகக் குறுகும் இடம் வரையில் காயை அடைத்துவிடுவேன். அப்போது வட்டு கழுத்திலேயே உட்கார்ந்துவிடும், சுற்றிலும் இடைவெளி மிகக் குறைவாக இருக்கும். கழுத்து குட்டையாக இருக்கும் ஜாடிகளில் இது முடியாது. அப்படிப்பட்ட ஜாடியில் வட்டுக்குக் கீழே ஒரு முழு முட்டைக்கோஸ் இலையை, ஜாடியின் உள்விட்டத்தைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி, ஓரங்களைச் சுவரோடு கீழ்நோக்கி மடித்து, தலையணைக்கு உறை போட்டதுபோலக் காயைச் சுற்றி மூடிவிடுங்கள். தடித்த நடு நரம்பைச் சீவி எடுத்துவிட்டால் இலை நன்றாக வளையும். அதன் மேல் வட்டு. அதற்கு மேல் குறைந்தது ஒரு விரற்கடை உப்புநீர் நிற்க வேண்டும். இலையின் ஓரம் எங்கும் தண்ணீருக்கு வெளியே தலைகாட்டக் கூடாது. காட்டினால் அதுவே பூக்கும்.

நீளவாக்கில் வெட்டிய கேரட், பீன்ஸ் போன்றவற்றுக்கு இன்னும் எளிய வழி உண்டு. ஜாடியின் தோளுக்கு ஒரு விரற்கடை கீழே நிற்கும் உயரத்தில் ஒரே அளவாக நறுக்கி, செங்குத்தாக நெருக்கி நிறுத்துங்கள். கடைசித் துண்டுகளைத் திணித்துச் செருகும் அளவுக்கு நெருக்கம் வேண்டும். ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் எதுவும் எழும்பாது. பொடியாக நறுக்கிய இஞ்சி, பூண்டு, மிளகு, கடுகு இவையெல்லாம் முதலில் அடியில் போய்விட வேண்டும்; மேலே தூவினால் இவைதான் முதலில் மிதந்து, முதலில் பூக்கும். இதைப் பலரும் கவனிப்பதில்லை.

பூத்த துண்டைப் பற்றி. தண்ணீர் மேல் சில நேரம் மெல்லிய, வெள்ளை நிற, சுருக்கம் விழுந்த ஆடை படியும். அது ஒருவகை ஈஸ்ட். வாசனையைக் கெடுக்குமே தவிர தீங்கானதன்று. வழித்தெடுத்துவிட்டு ஜாடியைக் குளிர்பெட்டிக்கு மாற்றலாம். பஞ்சுபோல மயிர் எழும்பி, பச்சை, கறுப்பு, சாம்பல், இளஞ்சிவப்பு என்று நிறம் காட்டுவது பூஞ்சணம். அதன் வேர் இழைகள் காய்க்குள் எவ்வளவு தூரம் போயிருக்கின்றன என்று கண்ணால் அறிய முடியாது. அதைவிட முக்கியமாக, காய் நொதிக்கும்போது உண்டாகிப் புளிப்பைத் தரும் லாக்டிக் அமிலத்தையே அது உணவாகக் கொண்டு புளிப்பைக் குறைத்துவிடும். நம்மைக் காப்பது அந்தப் புளிப்புதான். பி.எச். அளவு (புளிப்பைக் காட்டும் எண்; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6-க்குக் கீழே இருந்தால் பாட்டுலிசம் என்னும் உயிருக்கே ஆபத்தான உணவு நச்சை உண்டாக்கும் கிருமி வளராது என்பதால், நன்றாகப் புளித்த ஜாடி பாதுகாப்பானது. பூஞ்சணம் பிடித்த ஜாடியில் அந்த உறுதி போய்விடுகிறது. இவ்வளவு குறைந்த உப்பில், ஒரு லிட்டர் ஜாடிக்காக அந்த ஆபத்தை ஏற்க வேண்டியதில்லை.

மூடியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இறுக்கி மூடினால் வாயு வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறும்; கோடையில் ஜாடி வெடிக்கவும் கூடும். மூடியை வைத்து, வளையத்தை விரல் நுனியால் மட்டும் திருகி விடுங்கள். குமிழ் வைத்த வட்டு என்றால் குமிழ் மூடியில் இடிக்காத அளவுக்கு மேலே மூன்று, நான்கு சென்டிமீட்டர் இடம் வேண்டும். ஜாடிக்குக் கீழே ஒரு தட்டு வையுங்கள். இரண்டாம் நாள் உப்புநீர் வழிந்தே தீரும்.

கமலா பெரியம்மா (கும்பகோணம்):

நீலாம்பரி, உன் மாமியார் சொல்வதில் தவறில்லை, நீ செய்வதிலும் பெரிய தவறில்லை. இரண்டும் வேறு வேறு வேலை.

எங்கள் வீட்டில் ஒரு கிலோ வடுவுக்கு 150 கிராம் கல் உப்பு. வடுவைக் காம்போடு கழுவி, துணியில் ஈரம் போகத் துடைத்து, விளக்கெண்ணெய் தடவிப் புரட்டி, மஞ்சள்தூளும் உப்பும் சேர்த்துப் பீங்கான் ஜாடியில் போட்டால், இரண்டு மூன்று நாட்களில் அதுவே தண்ணீர் விட்டுக்கொள்ளும். பாரம் வைக்க மாட்டோம், உண்மை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு நாளும் காலையிலும் மாலையிலும் ஜாடியை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கிவிடுவோம். மேலே இருக்கும் வடு கீழே போகும், கீழே இருப்பது மேலே வரும், ஒவ்வொன்றும் நாளுக்கு இரண்டு முறையாவது உப்புநீரில் குளிக்கும். பத்து நாளில் வடு சுருங்கித் தானே அமிழ்ந்துவிடும். அவ்வளவு உப்பிலும், எண்ணெய்ப் பூச்சிலும் பூஞ்சணம் எளிதில் பிடிக்காது. அப்படியும் ஈரக் கை பட்டால் பூத்துவிடும் என்பதால்தான் வேடு கட்டிய ஜாடியைக் குழந்தைகள் தொடாத இடத்தில் வைத்தார்கள்.

நீ போடும் இரண்டரை விழுக்காடு உப்பு அந்த வேலையைச் செய்யாது. அது வடுவுக்குப் போடும் உப்பில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. கேரட்டை அப்படியே தட்டில் எடுத்துச் சாப்பிட வேண்டும் என்பதால் உப்பைக் குறைக்கிறாய்; குறைத்த உப்புக்கு ஈடாகக் காற்றுப் படாமல் காக்க வேண்டியிருக்கிறது. அதனால் உனக்குப் பாரம் வேண்டும், எனக்கு வேண்டாம். மாமியாரிடம் இதைச் சொல், ஒப்புக்கொள்வார். ஜாடியைக் குலுக்கும் பழக்கத்தை மட்டும் இதற்குக் கொண்டுவந்துவிடாதே. குலுக்கினால் துண்டுகள் இடம் மாறி வட்டுக்கு மேலே வந்துவிடும்.

நெக்கர்கரை (ஸ்டுட்கார்ட்):

உப்பளத்தார் ஐயா சொன்ன இடைவெளிப் பிரச்சினைக்கு இங்கே ஜெர்மனியில் ஒரு பழைய தீர்வு இருக்கிறது. படிக்கும் எல்லாருக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். ஸ்டுட்கார்ட்டை ஒட்டிய ஃபில்டர் சமவெளியில், நுனி கூம்பிய ஒருவகை முட்டைக்கோஸ் விளைகிறது. இலை மெல்லியது, நரம்பு தடிப்பில்லாதது. சாவர்க்ராவுட் என்னும் புளித்த முட்டைக்கோஸுக்கு அதைத்தான் இங்குள்ளவர்கள் விரும்பி வாங்குகிறார்கள். பக்கத்து வீட்டு மூதாட்டி ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் பத்து லிட்டர் மண்பாண்டத்தில் அதைப் போடுவார்; நான்கு ஆண்டுகளாக நானும் கூடவே உட்கார்ந்து சீவிக் கொடுக்கிறேன்.

அந்தப் பாண்டத்தோடு வரும் பாரம் ஒரே வட்டாக இருக்காது. அரைவட்டமாக இரண்டு துண்டுகள் இருக்கும். முதலில் எனக்கு ஏன் என்று புரியவில்லை. இரண்டையும் சேர்த்தால் வரும் வட்டம் பாண்டத்தின் வாயைவிடப் பெரியது; முழு வட்டாக இருந்தால் உள்ளே நுழையாது. ஒவ்வொரு பாதியாகச் சாய்த்து உள்ளே இறக்கி, அங்கே ஒன்றுசேர்த்துப் படுக்க வைத்தால் வயிற்றின் அகலம் முழுவதையும் மூடிவிடுகிறது. ஓரத்தில் விரல் நுழையவும் இடமிருக்காது. பாண்டத்தின் வாயைச் சுற்றி ஒரு பள்ளம் ஓடும். அதில் தண்ணீர் ஊற்றி மூடியைக் கவிழ்த்துவிட்டால், உள்ளிருந்து வாயு குபுக் குபுக்கென்று வெளியேறும், வெளிக்காற்று உள்ளே வராது. சீனாவின் சிச்சுவான் பகுதியில் பாவ்சாய் என்னும் ஊறுகாய்க்கும் இதே போலத் தண்ணீர்ப் பள்ளம் வைத்த ஜாடி உண்டு.

ஜாடிக்காரர்களுக்கு இதிலிருந்து ஒரு குறிப்பு. கண்ணாடி ஜாடிக்குள் பாதி பாதியாக இறக்கும் பாரம் எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால் சிறிய அளவில் போடும்போது, பெரிய ஜாடியின் வாய்க்குள் சரியாக இறங்கும் சிறிய ஜாம் பாட்டிலை, சீட்டும் பசையும் போகக் கழுவி, அதற்குள் உப்புநீரை நிரப்பி மூடி, கீழேயுள்ள இலையின் மேல் நிறுத்துகிறேன். கழுத்து முழுவதையும் அது அடைத்துக்கொள்வதால் சாய்வதில்லை. உள்ளே காற்று இருந்தால் பாட்டிலே மிதக்கும். ஆகவே விளிம்பு வரை நிரப்ப வேண்டும். வெறும் தண்ணீருக்குப் பதிலாக, ஜாடியில் இருக்கும் அதே செறிவுள்ள உப்புநீரை ஊற்றினால், தவறிக் கசிந்தாலும் ஜாடியின் உப்பு குறையாது. கனமான, உணவுக்கேற்ற பிளாஸ்டிக் பையில் உப்புநீரை நிரப்பி மேலே வைப்பவர்களும் இதே காரணத்தால்தான் உப்புநீர் ஊற்றுகிறார்கள். பை, ஜாடியின் வடிவத்துக்கே படிந்துகொள்வதால் இடைவெளி என்ற பேச்சே இல்லை. புளிப்போடு பிளாஸ்டிக்கை வாரக்கணக்கில் வைக்க எனக்கு மனமில்லை என்பதால் நான் பயன்படுத்துவதில்லை.

வெப்பநிலையையும் கவனியுங்கள். இங்கே நிலவறையில் 18 பாகையில் ஐந்து, ஆறு வாரங்கள் நிதானமாகப் புளிக்கிறது. கோவையில் சித்திரையில் சமையலறை 31, 32 பாகை இருந்திருக்கும். அந்தச் சூட்டில் நொதித்தல் வேகமாகும், வாயு வேகமாகச் சேரும், காயும் சீக்கிரம் தளர்ந்துபோகும். மார்கழியிலும் தையிலும் நன்றாக வந்ததற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

கரம்பை (திருநெல்வேலி):

கண்ணாடிப் பாரம் இல்லாதவர்கள் கல் வைப்பதைப் பற்றி ஓர் எச்சரிக்கை மட்டும். தரைக்குப் போட்டது போக மிச்சமிருந்த பளிங்குத் துண்டு ஒன்றை வட்டமாக வெட்டி வாங்கி, கொதிநீரில் போட்டெடுத்து, முள்ளங்கி ஜாடியில் வைத்தேன். பார்க்க அவ்வளவு அழகு. மூன்றாம் நாள் கல்லின் ஓரமெல்லாம் ஊசிமுனைக் குமிழிகள். நன்றாக நொதிக்கிறது என்று மகிழ்ந்தேன். பத்து நாள் ஆகியும் புளிப்பு ஏறவில்லை. கல்லை எடுத்துத் தடவினால் வழவழப்புப் போய், சுண்ணாம்பு பூசிய சுவர்போலச் சொரசொரவென்று இருந்தது. பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் கரைந்து, அமிலத்தையும் செயலிழக்கச் செய்துவிடும். ஒரு கிராம் கரைந்தால் 1.8 கிராம் லாக்டிக் அமிலம் வீணாகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் முள்ளங்கி ஏன் சப்பென்று இருந்தது என்று புரிந்தது.

கூழாங்கல் வைப்பவர்கள் முதலில் அதன் மேல் இரண்டு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் வேண்டாம். கருங்கல் பரவாயில்லை. உலோகம் எதுவும் வேண்டாம், உப்பும் புளிப்பும் சேர்ந்து அரித்துவிடும். பழைய மெருகிட்ட பீங்கான் சாமான்களின் மெருகில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அவற்றையும் தவிர்த்துவிடுங்கள். கண்ணாடியின் பெருமையே, அது கொடுப்பதுமில்லை, எடுப்பதுமில்லை என்பதுதான்.

நீலாம்பரி (கோயம்புத்தூர்):

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பெரியம்மா சொன்னதை மாமியாரிடம் படித்துக் காட்டினேன்; உப்புக் கணக்கைக் கேட்டதும், இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றார்.

உப்பளத்தார் ஐயா சொன்ன இடைவெளியை அறிய அட்டையை வட்டமாக வெட்டி அளந்து பார்த்தேன். என் ஜாடியின் வாய் உள்ளளவு 76 மில்லிமீட்டர், வட்டு 70 மில்லிமீட்டர். வயிற்றை வெளியே நூல் சுற்றி அளந்து கணக்கிட்டால் 95 மில்லிமீட்டர் வருகிறது. வட்டு வயிற்றுக்குள் இறங்கினால் ஒவ்வொரு பக்கமும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் திறந்து கிடந்திருக்கிறது. கேரட் துண்டு ஒரு சென்டிமீட்டர் தடிமன்தான்.

ஒன்பது நாட்களுக்கு முன் முட்டைக்கோஸும் கேரட்டும், ஆறவைத்த கொதிநீரும், வெயிலை எண்ணிச் சற்றுக் கூட்டி 3 விழுக்காட்டுக் கணக்கில் கல் உப்பும் சேர்த்துப் போட்டேன். நரம்பு சீவிய இலையைப் போர்த்தி வட்டை வைத்தேன். ஜாடியைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி, ஈரத்துணி சுற்றி, ஜன்னலுக்கு எதிர்ப்புறம் வைத்தேன். இரண்டாம் நாள் மாலை அழுத்தியபோது, வட்டின் அடியிலிருந்து குமிழிகள் சரம் சரமாக ஏறி வந்தன. அவ்வளவு வாயு உள்ளே இருந்ததா என்று வியப்பாக இருந்தது. வட்டு சாயவில்லை. ஆறாம் நாள் குளிர்பெட்டிக்கு மாற்றிவிட்டேன். பி.எச். தாள் 3.8-ஐ ஒட்டிய நிறம் காட்டியது. இலையை எடுத்தபோது அடியிலிருந்த காய் ஒரு துண்டுகூட நிறம் மாறாமல் இருந்தது.

ஒரே ஒரு சந்தேகம். வட்டை எடுத்துக் கழுவியபோது அதன் மேல் வெண்மையாக மங்கல் படிந்திருக்கிறது, சோப்பில் போகவில்லை. கொதிக்கும் நீரில் போடலாமா?

உப்பளத்தார் (சென்னை):

கேட்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது, சகோதரி. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த வட்டைக் கொதிநீரில் மட்டும் போட்டுவிடாதீர்கள். இந்த வட்டுகள் பெரும்பாலும் சாதாரணக் கண்ணாடியில் வார்த்தவை. தடிமன் அதிகம் என்பதால் வெளிப்புறம் சூடாகி உட்புறம் குளிர்ந்திருக்கும்போது விரிசல் விட்டுவிடும். அறை வெப்பத்துக்கு வந்த பிறகு, பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வைத்துச் சிறிது சிறிதாகச் சூடேற்றலாம்.

மங்கல் பெரும்பாலும் தண்ணீரின் சுண்ணாம்புப் படிவுதான். வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து அரை மணி நேரம் ஊறவிட்டு, மென்மையான பஞ்சால் துடையுங்கள், போய்விடும். இரும்பு நாரால் தேய்க்க வேண்டாம். கீறல் விழுந்தால் அழுக்கு அங்கேயே தங்கும். ஒவ்வொரு முறையும் ஜாடியில் வைப்பதற்கு முன், கண்ணை மூடிக்கொண்டு வட்டின் விளிம்பைச் சுற்றி விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். எங்காவது நகம் சிக்கினால் அந்த வட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஜாடியில் வைக்கும்போது முழுதாக இருந்த வட்டு, எடுக்கும்போது சில்லுப் பெயர்ந்திருந்தால், பெயர்ந்த சில்லு காய்க்குள்தான் இருக்கும். அந்த ஜாடியை முழுவதுமாகக் கொட்டிவிட வேண்டும்.